உதட்டுக் கோடு

கொஞ்சம் சிரிங்கம்மா.

தப்பா எடுத்துக்காதீங்க, கிறுக்கச்சின்னு நெனைச்சுறாதீங்க. ஒரே ஒரு தடவ, பல்லு தெரியிற மாதிரி சிரிங்க. ஏறுனதுலேர்ந்து பாத்துக்கிட்டே வர்றேன், முந்தானைய வச்சு எடது கன்னத்த அமுக்கிக்கிட்டே இருக்கீங்க. அந்தப் பக்கம் கொஞ்சம் எறங்குன மாதிரி எனக்குப் பட்டுச்சு, அதான்.

கடவாப் பல்லா? வீங்கிருக்கா? எத்தன நாளா? அப்ப சரி. அப்ப அது வீக்கம். வீக்கம் வேற, எறக்கம் வேற. இருந்தாலும் ரெண்டு கையையும் மேல தூக்குங்க. பைய எங்கிட்ட குடுங்க, நான் வச்சுக்கிறேன். ஆங், ரெண்டும் சமமா நிக்குது. உங்க பேரு என்னம்மா? ராஜாமணி. ஊரு? பேச்சும் தெளிவா இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் இல்ல, பல்லு மட்டுந்தான்.

கண்டக்டர் பாக்குறாரு பாருங்க. பாக்கட்டும். போன வாரம் அவரையும் சிரிக்கச் சொன்னேன். "ஏம்மா, வீட்டுல மாப்பிள்ள பாக்குறாங்களா"ன்னு கேட்டாரு. முழு பஸ்ஸும் சிரிச்சுச்சு. எனக்கு ஒரு வகையில நல்லதாப் போச்சு, மொத்தப் பேரையும் ஒரே நேரத்துல பாத்துட்டேன்.

ஜி.எச்சுக்குத்தான் போறீங்களா? நானும் அங்கதான். பல்லு டாக்டர் பத்து மணிக்கு மேலதான் வருவாரு. போன ஒடனே ஓ.பி. சீட்டு வரிசையில நின்னுருங்க, உக்காந்தீங்கன்னா போச்சு. அந்த ஆஸ்பத்திரில எனக்குத் தெரியாத இடமே கெடையாது. அஞ்சு மாசமா வியாழக்கிழமையானா போறேன்.

எம்பேரு பாண்டிச்செல்வி. செல்வி பிரைடல் மேக்கப்னு போர்டு பாத்திருப்பீங்க, பஸ்ஸ்டாண்டு எதுக்க, ஜெராக்ஸ் கடை மாடில. நாந்தான் அது. இந்தச் சுத்து வட்டாரத்துல ஆறு வருஷமா எவ கழுத்துல தாலி ஏறுனாலும் பாதிப் பேரு மொகம் எங்கையிலதான். பெருமைக்குச் சொல்லல. இந்த வருஷம் ஆவணில எத்தன கல்யாணம்னு கேளுங்க. மூணு. போன ஆவணில பதினாலு. சொந்தக்காரங்களே ஒதுக்கி வச்சா ஊரு என்னத்தக் கூப்புடும்?

எதுக்கு ஒதுக்கி வச்சாங்கங்கிறீங்க. உண்மையச் சொன்னதுக்கு. சத்தியமா அதுக்குத்தான். நீங்க பொதுவான ஆளு, என்னைய முன்னப் பின்னப் பாத்ததில்ல, நீங்க சொல்லுங்க. ஆஸ்பத்திரில டாக்டர் ஒரு கேள்வி கேக்குறாங்க. உசுரு விசயம். நமக்குத் தெரிஞ்ச உண்மைய அங்க சொல்றது தப்பா? எங்கக்கா வீட்டுக்காரரு தப்புங்கிறாரு. வாசப்படி ஏறாதன்னுட்டாரு. சின்னப் புள்ளையிலேர்ந்து நான் ஏறி எறங்குன வாசப்படிம்மா அது.

இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன். இன்னும் முக்கா மணி நேரம் இருக்குல்ல. பல்லு வலிக்குதுன்னா நீங்க பேசாதீங்க, நான் பேசுறேன்.

எங்கக்கா பேரு அன்னலட்சுமி. அன்னம்னுதான் கூப்புடுவாங்க. எனக்கும் அவளுக்கும் பதினஞ்சு வருசம் வித்தியாசம். எங்கம்மா நூல் மில்லுல ஷிப்டு வேல, அதனால என்னைய இடுப்புல தூக்கித் திரிஞ்சது பூரா அக்காதான். அவளக் கட்டிக் குடுத்தப்ப நான் அழுத அழுகையில, இவளையும் கூட அனுப்பி வைங்கன்னு மாமாவே சொன்னாரு. அக்கா வீட்டுக்காரர நான் மாமான்னுதான் கூப்புடுவேன். தவமணின்னு பேரு. மாவு மில்லு வச்சிருக்காரு. நான் அந்த வீட்டுலதான் வளந்தேன்.

அக்காவும் மில்லுலதான் நிப்பா. தலையில மாவு, புருவத்துல மாவு, காது மடல்ல மாவு. "அக்கா, ஒரு நாளு ஒக்காரு, உனக்கு மேக்கப் போட்டு விடுறேன்"னு நான் கெஞ்சுவேன். "எனக்கு மில்லே தெனம் பவுடர் போட்டு விடுதுடி, நீ வேறயா"ம்பா. ஆனா மொகம் இருக்கே. நான் ஆயிரம் மொகம் பாத்திருக்கேன்மா, சொல்றேன். எல்லாருக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் பெருசு, ஒரு பக்கம் கொஞ்சம் சிறுசுன்னுதான் இருக்கும். உங்களுக்குக் கூட வலது புருவம் ஒரு மட்டு ஒசரம். அக்காவுக்கு அப்படி இல்ல. நூலு புடிச்ச மாதிரி சமமா இருக்கும். சிரிச்சா ரெண்டு பக்கமும் ஒரே அளவு விரியும்.

அவ மகளுக்கு வைகாசில கல்யாணம். சங்கவின்னு பேரு. எனக்கும் அவளுக்கும் ஏழெட்டு வயசுதான் வித்தியாசம், சித்தி சித்தின்னு உசுர விடுவா. ஜி.எச்சுக்கு நாலு தெரு தள்ளி மண்டபம். காலையில ஏழு மணிக்கு முகூர்த்தம். அப்ப பொண்ணுக்கு நான் மூணு மணிக்கே ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சு, அஞ்சுக்குப் பத்து நிமிசம் இருக்கையில முடிச்சுட்டேன். அந்தப் புள்ள கண்ணாடில பாத்துட்டு, "சித்தி, இது நானா"ன்னுச்சு. அந்த மாதிரி ஒரு வார்த்த கேட்டா போதும்மா, எனக்கு ஒரு வாரத்துக்குப் பசிக்காது.

அப்பத்தான் அக்கா கதவுகிட்ட வந்து நின்னா. மாம்பழக் கலர்ல பட்டு. உள்ள வராம நெலையப் புடிச்சுக்கிட்டு நின்னா. "எனக்கும் கொஞ்சம் போட்டு விடுறியாடி. லேசா. சம்பந்தி அம்மா கேலி பண்ணாத அளவுக்கு." வெக்கப்பட்டுக்கிட்டு கேக்குறா. நாப்பத்தி நாலு வயசு பொம்பள. எத்தன வருசமா நான் காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா அதுக்கு. கையப் புடிச்சு இழுத்து ஒக்கார வச்சேன். சங்கவிய மாலை அளவு பாக்கணும்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க, நானும் அவளுந்தான் அறையில.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. தொடங்குறதுக்கு முன்ன ஒரு போட்டோ, முடிஞ்சதும் ஒரு போட்டோ. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போட்டாத்தான் நம்ம கை வேல என்னன்னு நாலு பேருக்குப் புரியும். மொகத்துல நெழலு விழாம இருக்க வட்டமா ஒரு ரிங் லைட்டு உண்டு, அதப் போட்டு, போனத் தூக்கிப் பாக்குறேன், வாயி ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கு. "வாய நேரா வையிக்கா"ன்னேன். "நேராத்தாண்டி வச்சிருக்கேன்"னா. கொஞ்சம் கொழகொழன்னு வந்துச்சு பேச்சு. "நாக்கு தடிச்ச மாதிரி இருக்குடி. சுண்ணாம்பு கூடிருச்சு போல." தூக்கம் வராம இருக்குறதுக்காக தாம்பூலத் தட்டுலேர்ந்து வெத்தலைய எடுத்துப் போட்டிருக்கா, வெறும் வயித்துல. சுண்ணாம்பு கூடுனா நமக்கெல்லாம் ஆகுறதுதான, வாயி வெந்து தடிச்சுப் போகும். "அதுக்குத்தான் வெத்தலைய விடுன்னு சொல்றது"ன்னு வைஞ்சேன். வைஞ்சுட்டு போட்டோவ எடுத்தேன். மணி அஞ்சு அஞ்சு.

வலது பக்கம் ஒரு மூணு மில்லி எறங்கிருந்துச்சு. நான் விட்டுருவனா? அந்தப் பக்கம் மட்டும் மேல் உதட்டுல, கோடு போடுற லைனர கொஞ்சம் வெளிய தள்ளிப் போட்டேன். கீழ் உதட்டுல கொஞ்சம் உள்ள வாங்குனேன். ஓரத்துல தோல் நெறத்துக் கன்சீலர வச்சு அடைச்சேன். கன்னத்துல ஒரு மடிப்பு தொங்குச்சு, அதுக்கு லேசா ஒரு நெழலு. எல்லாருக்கும் வந்துறாதும்மா இது. கை நடுங்காம இழுக்கணும். சென்னையில போயி பதினஞ்சு நாளு இதுக்குன்னே படிச்சேன். முடிக்கிறப்ப அஞ்சரை. இந்தாங்க, பாருங்க, இதுதான் அந்தப் போட்டோ. மாவு மில்லுக்காரின்னு சொல்ல முடியுமா? சினிமாவுல வர்ற அம்மா மாதிரி இல்ல? இதப் போட்டப்ப ஆயிரத்தி நானூறு பேரு ஹார்ட்டு போட்டாங்க. எறக்கம் எங்கயாவது தெரியுதா? தெரியாதுல்ல. அதான்.

அக்கா கண்ணாடில பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. என்னமோ சொல்ல வாயத் தொறந்தா. "பேசாதக்கா, லிப்ஸ்டிக் கலையும்"னேன்.

பேசலம்மா அவ. அதுக்கப்புறம் பேசவே இல்ல. மண்டபம் பூரா வந்து வந்து சொல்றாங்க, என்ன அன்னம், பொண்ணுக்குப் போட்டியா நீயும் வந்துட்டன்னு. அவ தலைய மட்டும் ஆட்டுறா. நாந்தான் பக்கத்துல நின்னு எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். "லிப்ஸ்டிக் கலையக் கூடாதுன்னு பேச வேணாம்னு சொல்லிருக்கேன் அத்தை"ன்னு. அட்சதை போடுறப்ப எடது கையால போட்டா. எங்க பெரியம்மா எங்காதுல, "எடது கையால போடுறா பாரு, வெவஸ்த கெட்டவ"ன்னுச்சு. "வலது கையில தட்டு இருந்திருக்கும் பெரியம்மா"ன்னேன். தட்டு ஒண்ணும் இல்ல. அந்தக் கை சும்மாதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. போட்டோக்காரர் சிரிங்கம்மா சிரிங்கம்மாங்குறாரு, இவளும் சிரிக்கிறா. வீடியோவுல பாத்தீங்கன்னா நல்லாத்தான் தெரியுது.

ஒம்பதே காலு இருக்கும். வாசல்ல நின்னு தாம்பூலப் பை குடுத்துக்கிட்டு இருந்தோம். அவ கையிலேர்ந்து பை நழுவுச்சு. நான் எடுத்துக் குடுத்தேன். திரும்பயும் நழுவுச்சு. "என்னக்கா, கையில வெண்ணெயா"ன்னு கேலி பண்ணேன். மூணாவது தடவ அவளே நழுவிட்டா.

ஒரு ஆளு சோடாவக் கொண்டு வர்றாரு, ஒருத்தரு இரும்புச் சாவியக் கையில திணிக்கிறாரு, வலிப்பு வலிப்புன்னு கத்துறாங்க. பூ ஒட்டி நின்னுச்சே கல்யாணக் காரு, அதுல போட்டுத்தான் கொண்டு போனோம். ஜி.எச்சு வாசல்ல நின்ன வாட்ச்மேன் ஏதோ பொண்ணு மாப்பிள்ள ஆசீர்வாதம் வாங்க வந்துருக்காங்கன்னு நெனச்சு ஒதுங்கி வழி விட்டாரு.

ஆனா ஒண்ணு சொல்லணும்மா. அங்க அவங்க ஓடுன ஓட்டம் இருக்கே. நாமெல்லாம் கவர்மெண்டு ஆஸ்பத்திரின்னா என்னமோ நெனைக்கிறோம். ஒரு சிஸ்டர், எஸ்தர்னு பேரு, அக்காவப் பாத்த ஒடனே "சிரிங்க, கையத் தூக்குங்க, பேரச் சொல்லுங்க"ன்னாங்க. அவ்வளவுதான். மூணே கேள்வி. அதுலயே கண்டுபுடிச்சுட்டாங்க. "ஸ்ட்ரோக்கு, ஸ்கேனுக்குத் தள்ளு"ன்னு சத்தம் குடுத்தாங்க. நான் உங்ககிட்ட கேட்டேன்ல, அந்த மூணுதான். அன்னிக்குக் கத்துக்கிட்டது. தள்ளுவண்டிய ஒருத்தர் தள்ள, ஒருத்தர் கதவப் புடிக்க, ஸ்கேன் எடுத்து படம் வர்றதுக்கு இருவது நிமிசம் கூட ஆகல. பக்கவாதம்னா எண்ணெய் தேய்க்கிறது, பத்தியம் இருக்குறதுன்னுதான் எனக்குத் தெரியும். அதுக்கு ஊசி இருக்காம், மூளையில அடச்சிருக்குற ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசி. போட்ட கொஞ்ச நேரத்துல கையக் காலத் தூக்குனவங்க உண்டாம்.

டூட்டி டாக்டர் ஒரு பொண்ணு, என் வயசுதான் இருக்கும். டேப்லெட்ல பெரியாஸ்பத்திரி நரம்பு டாக்டர் வீடியோவுல நிக்கிறாரு. அந்தப் பொண்ணு வெளிய வந்து மாமாகிட்ட சொன்னாங்க, "ஸ்கேன்ல ரத்தக் கசிவு இல்ல, ஊசி போடலாம். ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான். அதுக்கு மேலன்னா மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உசுருக்கே ஆபத்தாயிரும். கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? சரியா யோசிச்சுச் சொல்லுங்க."

மாமா அப்பவும் பட்டு வேட்டியோட, நெத்தியில சந்தனத்தோட நிக்கிறாரு. "ஒம்பதே காலு வரைக்கும் நல்லா நின்னா டாக்டர். இந்தா வீடியோ"ன்னு ஒரு பையன்கிட்ட போன வாங்கிக் காட்டுறாரு. தாலி கட்டுற வீடியோ. அக்கா சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. டாக்டர் பாத்தாங்க. சரின்னாங்க. "நீங்க போயி கையெழுத்துப் போட்டுட்டு வாங்க, பொம்பளையாளு ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க"ன்னாங்க. நான் போனேன்.

பத்து மணி. செவத்துக் கடிகாரம் எனக்கு நேரா இருந்துச்சு. எட போட்டாச்சு, மருந்து சீசா தட்டுல வந்துருச்சு. சிஸ்டர் அதோட மூடியத் தொறக்கல, அவ்வளவுதான் பாக்கி. டாக்டர் எங்கிட்ட கேட்டாங்க, "காலையில நீங்க கூடவே இருந்தீங்களா? மொகம் எப்படி இருந்துச்சு?"

நான் போன நீட்டுனேன். இப்ப உங்ககிட்ட காட்டுனேன்ல, இந்தப் போட்டோவ. "அஞ்சரைக்கு எடுத்தது மேடம்"னேன். உத்துப் பாத்தாங்க. "நல்லா இருக்காங்க"ன்னாங்க. அந்த நேரத்துல கூட எனக்கு, எப்படிச் சொல்ல, ஒரு டாக்டரு வாயால நல்லா இருக்காங்கன்னு கேட்டப்ப உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோசமா இருந்துச்சும்மா. வையாதீங்க.

அக்கா வாயி ஓரத்துல எச்சி வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சிஸ்டர் ஈரப் பஞ்ச எடுத்துத் தொடச்சாங்க. எடது பக்கம் தொடச்சாங்க. வலது பக்கம் வந்தாங்க. கை நின்னுருச்சு. "மேடம், இங்க பாருங்க. கோடு ஒரு எடத்துல இருக்கு, உதடு ஒரு எடத்துல இருக்கு. இந்தப் பக்கம் மட்டும்."

டாக்டர் குனிஞ்சு பாத்துட்டு, "இத யாரு போட்டது"ன்னாங்க.

"நாந்தான்."

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் வெளிய தள்ளிப் போட்டிருக்கீங்க?"

பேஷன் மேடம்னு சொல்லிருக்கலாம். இப்ப எல்லாரும் இப்படித்தான் போடுறாங்கன்னு சொல்லிருக்கலாம். அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகுது. ஊசி தட்டுல இருக்கு, போட்டிருப்பாங்க. ஆனா நான் உண்மையச் சொன்னேன். "அஞ்சு மணிக்கே எறங்கித்தான் இருந்துச்சு மேடம்"னு.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

"சரி பண்ணிட்டேன்."

அந்தப் பொண்ணு என்னைய வையல. வைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கடிகாரத்தப் பாத்தாங்க. டேப்ல இருந்த டாக்டர்கிட்ட இங்கிலீசுல பேசுனாங்க, அவரு தலைய ஆட்டுனாரு. சிஸ்டர் சீசாவ எடுத்து பழையபடி பெட்டில வச்சாங்க. மூடுறப்ப ஒரு சத்தம் வந்துச்சு. சின்னச் சத்தந்தான்.

மாமா கையெழுத்துப் போட்ட பேப்பரோட ஓடி வர்றாரு. "போட்டாச்சா?" டாக்டர் சொன்னாங்க, "நேரம் தாண்டிருச்சுங்க. காலையில அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிருக்கு. அரை மணி நேரம் லேட்டு." "யாரு சொன்னா அஞ்சு மணின்னு?" டாக்டர் என்னையப் பாத்தாங்க. மாமா எம்பக்கம் திரும்புனாரு. "என்னடி சொன்ன?" நான் சொன்னேன், "நாக்கு தடிச்ச மாதிரி இருக்குன்னு சொன்னா மாமா, அஞ்சு மணிக்கு."

பொய் இல்லையே அது. அவ சொன்னாள்ல.

அன்னிக்கே மதுரைக்குக் கொண்டு போனோம். கம்பி விட்டு ரத்தக்கட்டிய எடுக்குற மாதிரி பெரிய ரத்தக் கொழாயில அடைப்பு இல்லன்னுட்டாங்க. இருவத்திரெண்டு நாளு. உசுரு பொழச்சா. வலது கை, வலது காலு வரல. பேச்சு வரல. சங்கவி மறுவீடு போகாம அம்மாவோட பெட்டுக்குக் கீழ படுத்துக் கெடந்துச்சு, மருதாணி கூட அழியல அந்தப் புள்ள கையில.

டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு வீட்டு வாசல்ல வச்சு, அத்தன சனத்துக்கும் முன்னாடி மாமா சொன்னாரு. "நாக்கு தடிப்புன்னு ஒரு வார்த்தையச் சொல்லி ஊசிய நிறுத்திப்புட்டியேடி. நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா எம்பொண்டாட்டி நடந்து வந்திருப்பா." எல்லாரும் அதையே புடிச்சுக்கிட்டாங்க. பெரியம்மா சொல்லுது, மேக்கப்புக்காரிக்கு வாயி சும்மா இருக்குமான்னு. சங்கவி போன்லேர்ந்து என் நம்பரையே தூக்கிருச்சு. அவ கல்யாண ஆல்பத்துல என் போட்டோவே இல்லையாம்.

நியாயமாம்மா இது? அந்த டாக்டர் பொண்ணுகிட்ட நான் அப்புறம் ஒரு நாளு போயி நின்னேன். "ஊசி போட்டிருந்தா மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சு நெலம மோசமாகியிருக்கலாம், நீங்க சொன்னது நல்லதுதான்"னு அவங்க வாயால சொன்னாங்க. இத மாமாகிட்ட யாராவது சொல்லுங்கன்னா யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அதுக்கு மேலயும் அவங்க என்னமோ சொன்னாங்க. நாலு தெருதான, அஞ்சே காலுக்கே கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா, அப்படின்னு. ஓ.பி. நேரம், ஒரே கூட்டம், எனக்கு சரியாக் காதுல விழல.

வியாழக்கிழமை அக்காவுக்குப் பயிற்சி. சங்கவிதான் சக்கர நாற்காலில வச்சுத் தள்ளிட்டு வரும். நான் மருந்து வாங்குற வரிசையில நின்னுக்குவேன். மருந்து ஒண்ணும் வாங்க மாட்டேன். மொற வர்றப்ப பின்னாடி இருக்கவங்கள முன்ன விட்டுட்டு மறுபடி கடைசில போயி நிப்பேன். அங்கேர்ந்து பாத்தா பயிற்சி அறை ஜன்னல் தெரியும். அக்கா நிக்கப் பழகுறது, பந்தப் புடிக்கிறது எல்லாம் தெரியும். மாவு இல்லாம அவ தலையப் பாக்க எனக்கு என்னமோ போல இருக்கு. நரைச்சிருக்குறதே இப்பத்தான் தெரியுது.

போன வாரம் சங்கவிக்குப் போன் வந்து வெளிய போயிருச்சு. பயிற்சி குடுக்குற தம்பியும் இல்ல. அந்த அறையில ஆளு ஒசரத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கு, அதுல பாத்து வாயத் தொறந்து மூடிப் பழகணும். அக்கா மட்டும் அது முன்னாடி ஒக்காந்திருக்கா. நான் உள்ள போயிட்டேன். என்னமோ கால் தானாப் போயிருச்சு. போயி அவ நாற்காலிக்குப் பின்னாடி நின்னேன். அன்னிக்கு நின்ன மாதிரியே.

கண்ணாடில என்னையப் பாத்தா. திரும்பல. கண்ணாடிலயே பாத்தா. கண்ணுல தண்ணி இல்ல, கோவமும் இல்ல. எடது கையத் தூக்கி எங்கையப் புடிச்சா. புடிச்சு இழுத்து, என் வெரல்ல ஒண்ணத் தனியாப் பிரிச்சு, அவ வாயோட வலது ஓரத்துல வச்சா. எறங்கிருக்குல்ல, அங்க. வச்சு அமுக்குனா. அமுக்கிக்கிட்டு என்னையவே பாக்குறா.

நான் அப்பவே ஓடி வந்துட்டேன். ஏழு நாளா தூக்கம் இல்ல. இத சரி பண்ணி விடுடிங்கிறாளா? இத நீ பாத்ததானடிங்கிறாளா? மொகம் எறங்குனத நான் பாத்தது வீட்டுல வேற யாருக்கும் தெரியாதும்மா. மாமாவுக்குத் தெரியாது, சங்கவிக்குத் தெரியாது. நாக்கு தடிப்பு மட்டுந்தான் அவங்களுக்குத் தெரியும். அன்னிக்கு மண்டபத்து அறையில கண்ணாடி முன்னாடி இருந்தது நாங்க ரெண்டு பேருதான். ஒருத்திக்குப் பேச்சு வராது. இன்னொருத்தி பஸ்ஸுல போறவங்ககிட்ட எல்லாம் பேசிக்கிட்டு திரியிறா.

இன்னிக்கு மாமாதான் கூட்டிட்டு வருவாரு. சங்கவி புருசன் வீட்டுக்குப் போயிருச்சாம். அவருகிட்ட இன்னொரு போட்டோவக் காட்டணும்னு இருக்கேன். மொதல்ல எடுத்தேன்ல, அஞ்சு அஞ்சுக்கு, தொடங்குறதுக்கு முன்ன. அத நான் எங்கயும் போடல. ரெண்டு தடவ அழிச்சேன். அழிச்சாலும் முப்பது நாளு போனுக்குள்ளயே ஒரு குப்பைத் தொட்டில கெடக்குமாம். ரெண்டு தடவையும் போயி எடுத்துட்டு வந்துட்டேன். டாக்டர்கிட்ட கூட இதக் காட்டல.

அவருகிட்ட நீட்டுறதுக்கு முன்ன யாராவது ஒருத்தர் பாக்கணும் போல இருக்கு. நீங்க பாக்குறீங்களா? எம்மேல கோவம் வந்தாலும் சத்தம் போட்டுறாதீங்க, கண்டக்டர் வேற பாக்குறாரு. இந்தாங்க. வெயிலு அடிக்குது, கைய இப்படி மறச்சுக்கங்க.

என்னாச்சு இவங்களுக்குன்னா கேக்குறீங்க?

ஜி.எச்சு ஸ்டாப்பு வந்துருச்சும்மா. உங்க பைய எடுத்துக்கங்க. நான் எந்திரிக்கிறேன், இருங்க. காலு கொஞ்சம் மரத்துப் போச்சு.

பாத்த ஒடனே கேட்டுட்டீங்கம்மா. பல்லு வலியில, பஸ்ஸு ஆடுற ஆட்டத்துல, கண்ணாடி கூடப் போடாம. நான் ரிங் லைட்ட வச்சு இருவத்தஞ்சு நிமிசம் பாத்தேன்.